மூன்றாம் பாய்லருக்கு ஆள்

இயக்குநர்கள் கூட்டத்தில் தனக்கென்று ஒரு நாற்காலி கிடைத்த அன்று எங்கள் தலைவி ரௌஷன் எங்களுக்கெல்லாம் தேன் கேக் வாங்கி வந்தார். எங்களுக்கு என்றால், தாஸ்புலாக் அனல் நிலையத்தின் பணியாளர் பிரிவில் வேலை பார்த்த பெண்களுக்கு. தரைத்தளத்தில் கேன்டீனை ஒட்டிய அறை எங்களுடையது. ஆள் சேர்ப்பது, விடுப்பு எழுதுவது, ஓய்வு பெறுகிறவர்களுக்குக் காகிதம் தயாரிப்பது என்று முட்டைக்கோஸ் வேகும் வாடையிலேயே எங்கள் காலம் போய்க்கொண்டிருந்தது. நிலையத்தில் யாரும் எங்களை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. பாய்லர் கூடத்து ஆட்கள் எங்களை 'சீல் குத்துறவங்க' என்றுதான் சொல்வார்கள்.

அந்த வருடம் அல்மாட்டியைச் சேர்ந்த ஒரு குழுமம் நிலையத்தை வாங்கியிருந்தது. பொது இயக்குநராக மதியார் வந்தார். நாற்பது வயதுகூட இருக்காது. குரலை உயர்த்த மாட்டார். பெருக்குகிற பெண்ணின் பெயரைக் கூடத் தெரிந்து வைத்திருப்பார். வந்த முதல் வாரமே எங்கள் அறைக்கு இறங்கி வந்து, ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்து ரௌஷனிடம் பேசினார்.

"மேடம், நிலக்கரி எல்லாருக்கும் ஒரே நிலக்கரிதான். பாய்லரும் அப்படித்தான். கம்பெனிக்குக் கம்பெனி ஆளுங்கதான் வித்தியாசம். அந்த ஆளுங்களைப் பாத்துக்குறவங்களை இப்படிச் சமையலறைக்குப் பக்கத்துல உக்கார வெச்சிருக்காங்க. நீங்க மேல வாங்க. இந்த நிலையத்துக்கு நாம சேர்ந்து ஒரு வியூகம் போடுவோம்."

ரௌஷன் அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். கணவர் இல்லை. ஒரே மகன் அஸ்தானாவில் இருந்தான். சொந்தச் செலவில் அஞ்சல் வழியாக மனிதவள மேலாண்மை படித்துப் பட்டம் வாங்கியவர். அந்தப் புத்தகங்களைத் தன் மேஜைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருப்பார். பாய்லர் கூடத்தில் எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது, இவர்களுக்குப் பின்னால் ஆளே இல்லை என்று அவர் பழைய நிர்வாகத்திடம் வருடக் கணக்காகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது ஒருவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்கிறார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பார்த்தேன்.

எங்களை மூன்றாம் மாடிக்கு மாற்றினார்கள். ரௌஷன் கோடை முழுக்க உட்கார்ந்து திட்டம் எழுதினார். நான்தான் தட்டச்சு செய்தேன். வயதான ஆபரேட்டர் ஒவ்வொருவரோடும் ஒரு இளைஞனைச் சேர்த்துவிடுவது, இரண்டு குளிர்காலம் இருவரும் ஒன்றாக நிற்பது, அதன் பிறகு வயதானவரை மரியாதையாக வழியனுப்புவது. இளைஞர்கள் மேற்கே எண்ணெய் வயல்களுக்கு ஓடிப்போகாதபடி அவர்களுக்குச் சம்பளத்தை உயர்த்துவது. இவ்வளவுதான் திட்டம். மதியார் அதைப் படித்துவிட்டு எழுந்து நின்று ரௌஷனின் கையைக் குலுக்கினார்.

அல்மாட்டியிலிருந்து பதில் வரக் குளிர்காலம் முடிந்துவிட்டது. வயதானவர்களை இந்த வசந்தத்திலேயே அனுப்பிவிடலாம், பயிற்சியையும் சம்பள உயர்வையும் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள்.

"மேடம், இது நம்ம திட்டம் இல்லையே" என்றேன்.

"பாதி நம்மளுது."

"எந்தப் பாதி?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தால் புகைபோக்கிகளும் அவற்றுக்கு அப்பால் பனி உருகிக் கறுத்த புல்வெளியும் தெரியும்.

"நான் கையெழுத்துப் போடலேன்னா வேற ஒருத்தி வந்து போடுவா, வெனேரா. அப்புறம் அந்த மேஜையில ஆளுங்களுக்காகப் பேச யாரு இருப்பா? இந்த வருஷம் இதைக் குடுத்துட்டு அடுத்த வருஷம் மீதியை வாங்கிடுறேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அப்படித்தான் நம்பினார்.

ஓய்வு பெறச் சொல்ல வேண்டியவர்களை ரௌஷன் ஒவ்வொருவராக அழைத்துத் தானே பேசினார். கடிதம் அனுப்பினால் போதும் என்று மதியார் சொல்லியும் கேட்கவில்லை. ஷிப்ட் தலைவர் ஒரின்பசார்தான் கடைசி. மூன்றாம் பாய்லரும் அவரும் நிலையத்துக்கு ஒரே வருடம் வந்தவர்கள் என்று சொல்வார்கள். ஊரே அவரை மரியாதையாக ஒரெக்கே என்று கூப்பிடும். உள்ளே வந்தவர், மேஜையில் தேநீரும் மிட்டாய்க் கிண்ணமும் இருப்பதைப் பார்த்துவிட்டு உட்காராமலே சிரித்தார்.

"என்ன ரௌஷன், எனக்கு டீயெல்லாம் வெச்சிருக்கீங்க. யாராவது செத்துட்டாங்களா, இல்ல நான் போகணுமா?"

"உக்காருங்க ஒரெக்கே. ஓய்வெடுக்க வேண்டிய வயசைத் தாண்டிட்டீங்க."

"அது எனக்குத் தெரியும். என் முழங்காலுக்கும் தெரியும். பாய்லர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

ரௌஷனும் சிரித்தார். பிறகு இருவரும் தேநீர் குடித்தார்கள்.

"என் இடத்துல யாரு நிப்பா?" என்று கேட்டார் ஒரின்பசார்.

"ஜெனிஸ்."

"நல்ல பையன். வாயும் நல்ல வாய், பேசியே தூங்கவிட மாட்டான். ஆனா ஒரே ஒரு குளிர்காலம் பாத்திருக்கான், அதுவும் குளிரே இல்லாம ஏமாத்திட்டுப் போன குளிர்காலம். தனியா விட்டுடாதீங்க."

"விட மாட்டோம்."

"இது நீங்க சொல்றதா, கம்பெனி சொல்றதா?"

"நான் சொல்றேன்."

"அப்பச் சரி" என்று ஒரு மிட்டாயை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

வழியனுப்பு விழாவை நன்றாகவே செய்தோம். எங்கள் வழக்கப்படி பெரியவர்களுக்கெல்லாம் மரியாதைக்கு அங்கி போர்த்தினார்கள். பெரிய தட்டுகளில் குதிரைக் கறியும் மெல்லிய தாளாகத் தேய்த்து வேகவைத்த மாவும் வந்தன. மதியார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். ஒரின்பசாரின் மனைவி கல்யாஷ் பருத்த பெண்மணி, பேச்சில் யாரையும் விட மாட்டார். ரௌஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு நாள் நீங்க வெச்சிருந்தீங்க, நான் நிம்மதியா இருந்தேன். இப்ப இந்த மனுஷனை வீட்டுல எந்த மூலையில வைக்கிறது, அதையும் உங்க வியூகத்துல எழுதிக் குடுத்திடுங்க" என்றார். மேஜையே சிரித்தது.

இலையுதிர் காலத்தில் இளைஞர்கள் போகத் தொடங்கினார்கள். முதலில் ஒருவன், பிறகு அவன் பேச்சைக் கேட்டு இருவர். எல்லோரும் மேற்கே எண்ணெய் வயலுக்குத்தான். போகிறவர்களை உட்கார வைத்துப் பேசுவது ரௌஷனின் வழக்கம். ஒருவன் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "அக்கா, சம்பளத்துக்காக மட்டும் போகல. ராத்திரி பாய்லர் கூடத்துல சந்தேகம்னா கேக்க ஒரு ஆள் இல்ல. பயமா இருக்கு."

ரௌஷன் இதை அப்படியே இயக்குநர்கள் கூட்டத்தில் சொன்னார். கூட்டக் குறிப்பு எடுக்க நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பாய்லர் கூடத்தில் ஆள் போதவில்லை, ஓய்வு பெற்றவர்களில் பாதிப் பேரையாவது இந்தக் குளிர்காலத்துக்குத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றார். மதியார் முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"கூப்பிட்டா, போன வசந்தத்துல நாம செஞ்சது தப்புன்னு ஆயிடும் மேடம். அல்மாட்டியில என்ன சொல்லுவேன்? ஷிப்டைப் பன்னிரண்டு மணி நேரமாக்குங்க. ரெண்டு பாய்லருக்கு ஒரு ஆளைப் போடுங்க. வசந்தம் வரைக்கும்தான்."

"ஒரு ஆள் ரெண்டு இடத்துல நிக்க முடியாதுங்க."

"நீங்க இன்னும் கீழ்த்தளத்துலயே இருக்கீங்க, மேடம். ஆளுங்க பக்கம் நின்னுகிட்டு கம்பெனியைப் பாக்குறீங்க. கம்பெனி பக்கம் நின்னு ஆளுங்களைப் பாக்கணும். அதுக்குத்தான் உங்களை மேல கொண்டுவந்தேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தலைமைப் பொறியாளர் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரௌஷன் முகம் சிவந்து போய் உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவரே புதிய ஷிப்ட் அட்டவணையைப் போட்டார். இரண்டாம், மூன்றாம் பாய்லர்களுக்குச் சேர்த்து ஜெனிஸின் பெயர் இருந்தது.

நவம்பரில் குழுமம் அவருக்கு ஒரு விருது கொடுத்தது. ஆட்செலவைக் குறைத்து, சராசரி வயதையும் குறைத்ததற்காக. அல்மாட்டியில் மேடையேறிப் பேசினார். நீலக் கோட்டுடன் அவர் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தை எங்கள் நடைபாதையில் மாட்டினார்கள். ஜெனிஸ் விடுப்பு கேட்டு வந்தவன் அதைப் பார்த்துவிட்டான். உயரமான, ஒல்லியான பையன். அப்பா இல்லை, அம்மா பிபிகுல் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை.

"மேடம், இந்தப் பரிசுல எனக்கும் பங்கு உண்டா? ரெண்டு ஆள் வேலை பாக்குறேன், பாத்து ரெண்டு பங்கா குடுங்க."

"உனக்கு வசந்தத்துல கல்யாணம்னு கேள்விப்பட்டேன். அப்பக் குடுக்குறேன்."

"பொண்ணு வீட்டுக்காரங்க கேக்குறாங்க, மாப்பிள்ளை எப்பத்தான் வீட்டுல இருப்பான்னு. உங்களைக் கேக்கச் சொன்னேன்."

ரௌஷன் சிரித்தார். அவன் கேட்ட விடுப்பை மட்டும் கொடுக்க முடியவில்லை. மாற்றுவதற்கு ஆள் இல்லை.

ஜனவரியில் குளிர் மைனஸ் நாற்பதைத் தொட்டது. பள்ளிகளை மூடினார்கள். புகைபோக்கிப் புகை மேலே போகாமல் கூரைகள் மீதே படுத்துக் கிடந்தது. அந்த வாரத்தில் ஒரு காலை, ஜெனிஸை விடுவிக்க வர வேண்டியவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். இன்னொரு ஷிப்டும் நீயே பார் என்று ஜெனிஸிடம் சொன்னார்கள். அவன் இரண்டாம் பாய்லருக்கு நிலக்கரி தள்ளும் பொறியில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் மூன்றாம் பாய்லரில் தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டது. திரும்பி வந்து பார்த்தவன் பதறிப்போய்த் தண்ணீரைத் திறந்தான். வறண்டு காய்ந்து கிடந்த குழாய்களுக்குள் தண்ணீர் போனதும் அவை வெடித்தன. நீராவி அவன் மீது முழுவதுமாக அடித்தது.

எங்கள் கட்டடம் அதிர்ந்தது. நாங்கள் படியிறங்கி ஓடியபோது அவனைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரௌஷன் அருகில் போனார். அவன் முகத்தைப் பார்த்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் பாய்லரோடு இரண்டாவதும் நின்றுவிட்டது. எங்கள் பாய்லர்களிலிருந்து குழாயில் போகும் வெந்நீர்தான் ஊர் வீடுகளைச் சூடாக்கும்; ஆற்றுக்கு வலக்கரையில் இருந்த குடியிருப்புகள் அனைத்துக்கும் அந்தக் கணப்பு போய்விட்டது. அந்தக் குளிரில் சில மணி நேரத்துக்குள் குழாய்களில் தண்ணீர் உறைந்துவிடும். உறைந்தால் குழாய்கள் பிளக்கும். பிளந்தால் வசந்தம் வரை அந்த வீடுகளில் யாரும் இருக்க முடியாது. இது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

மதியார் அல்மாட்டியில் இருந்தார். ரௌஷனின் தொலைபேசியில் அழைத்தார். ரௌஷன் கோட்டை மாட்டிக்கொண்டே அதை மேஜையில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டார். அதனால் நானும் கேட்டேன்.

"மேடம், ஆளைக் கொண்டாங்க. பழைய ஆளுங்களை. யாரா இருந்தாலும் சரி, எங்க இருந்தாலும் சரி. பேப்பரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

நிலையத்துப் பேருந்தை எடுத்துக்கொண்டு நானும் அவரும் புறப்பட்டோம். முதல் வீட்டுக்காரர் மகளோடு இருக்க ஓம்ஸ்க்குக்குப் போய்விட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அடுத்த வீட்டில் இருந்தவருக்கு இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்திருக்கிறது. எங்களுக்கு அது தெரியாது. இன்னொருவர் கதவைத் திறந்து, ரௌஷனைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். உள்ளே தாழ் போடும் ஓசை கேட்டது. ரௌஷன் மூடிய கதவின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தார். அடுத்த இரண்டு வீடுகளில் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கையில் ரொட்டியோடே பேருந்தில் ஏறினார்.

ஒரின்பசாரின் வீடு வலக்கரையில். கல்யாஷ் ரோமக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தார். அடுப்பில் இரண்டு பானைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னலின் உள்பக்கம் பனி பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"வாங்க வாங்க" என்றார் கல்யாஷ். "அங்கி மிச்சம் இருக்கா, போத்திட்டுப் போக வந்தீங்களா?"

"கல்யாஷ், தயவுசெஞ்சு…"

"வயசாயிடுச்சுன்னு அனுப்பினீங்க. எட்டு மாசத்துல சின்னப் பையனாயிட்டாரா? அவருக்கு நெஞ்சுல வலி இருக்கு, தெரியுமா உங்களுக்கு? உங்க வியூகத்துல அது இருந்துச்சா?"

உள்ளறையிலிருந்து ஒரின்பசார் வந்தார்.

"எது போச்சு?"

"மூணாவது."

"யாரு நின்னா?"

"ஜெனிஸ்."

"கூட யாரு?"

ரௌஷன் தரையைப் பார்த்தார். "யாரும் இல்ல, ஒரெக்கே."

ஒரின்பசார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கம்பளி பூட்ஸை இழுத்து மாட்டினார்.

"போகாதீங்க" என்றார் கல்யாஷ். அவர் குரலில் கிண்டல் போய்விட்டிருந்தது.

"மேல்மாடியில ரெண்டு கைக்குழந்தை இருக்கு கல்யாஷ். நான் போகாம யாரு போவா?"

அந்தப் பேருந்தில் நாங்கள் கொண்டுபோன ஆட்கள் ஒரு ஷிப்டுக்குக் கூடப் போதாது. ஆனாலும் இறங்கி வேலை செய்தார்கள். இரண்டாம் பாய்லரை மறுநாள் மதியம் எரிய வைத்தார்கள். அதற்குள் வலக்கரையில் பாதி வீடுகளுக்குக் குழாய் பிளந்துவிட்டது. மக்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். ஒரு வீட்டில் கிழவனும் கிழவியும் அறையைச் சூடாக்க அடுப்பை எரியவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுத் திணறி இறந்து கிடந்தார்கள். ஜெனிஸ் மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்தான்.

இரண்டாம் பாய்லர் எரியத் தொடங்கிய பிறகு ஒரின்பசாருக்கும் ஒரு விபத்து நடந்தது. நிலவறையில் வால்வைத் திறக்கப் போனவர் மீது பழைய குழாய் ஒன்று பிய்ந்து கொதிநீர் கொட்டியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ரௌஷன் மருத்துவமனைக்குப் போனார். கல்யாஷ் வாசலிலேயே மறித்தார்.

"அவருக்கு உங்க மேல கோபம் இல்லையாம். சொல்லச் சொன்னார், சொல்லிட்டேன். எனக்கு இருக்கு. போயிடுங்க."

பிப்ரவரியில் விசாரணைக் குழு வந்தது. அதற்கு முந்தின நாள் மதியார் ரௌஷனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குழுமத்தின் வக்கீலும் இருந்தார். அங்கே நடந்ததை ரௌஷன் திரும்பி வந்து, கோட்டைக் கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னார்.

வக்கீல் அவருக்கு வேலையை எளிதாக்கிக் கொடுத்திருந்தார். ஜெனிஸுக்கு முழுப் பயிற்சி கொடுக்கப்பட்டது. நடந்தது அவனுடைய கவனக்குறைவு. ஒரின்பசார் யாரும் அழைக்காமல் தானாகவே நிலையத்துக்குள் வந்தார், அவர் அப்போது ஊழியரே இல்லை, அதனால் அவர் காலுக்கு நிலையம் பொறுப்பாகாது. ரௌஷன் குழுவிடம் இவ்வளவு சொன்னால் போதும்.

"நீங்கதானே போன் பண்ணி ஆளைக் கொண்டாங்கன்னீங்கன்னு கேட்டேன்" என்றார் ரௌஷன். "மதியார் என்ன சொன்னார் தெரியுமா? 'பதட்டத்துல யாரு என்ன பேசினோம்னு யாருக்கு நினைவிருக்கும், மேடம்'னார். குரலே மாறல."

"வேற என்ன சொன்னார்?"

"அல்மாட்டியில இடம் காலியா இருக்காம். குழுமத்தோட எல்லா நிலையத்துக்கும் மனிதவளத் தலைமை. என்னைத்தான் நெனச்சிருக்காங்களாம்."

"என்ன செய்யப் போறீங்க?"

"அங்க போய் உக்காந்தா எவ்வளவு செய்யலாம்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன், வெனேரா." அவர் கையுறையை மெல்ல உருவினார். "நிஜமாவே யோசிச்சேன்."

விசாரணை பண்பாட்டு மாளிகையில் நடந்தது. பின்வரிசையில் ஜெனிஸின் அம்மா பிபிகுல் உட்கார்ந்திருந்தார். ரொட்டித் தொழிற்சாலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், முடியோரத்தில் மாவு ஒட்டியிருந்தது. குழுத் தலைவர் முதற்கட்ட முடிவைப் படித்தார். ஆபரேட்டரின் தவறு என்று அதில் இருந்தது. ஏதாவது கேட்க வேண்டுமா என்று அவர் சம்பிரதாயத்துக்குக் கேட்டபோது பிபிகுல் எழுந்தார். குழுவைப் பார்க்கவில்லை. ரௌஷனைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா, என் மகனை வேலைக்கு எடுத்தது நீங்க. நீங்களே சொல்லுங்க. அவன் வேலையில மோசமா?"

மதியார் முன்வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ரௌஷன் எழுந்து நின்றார். "இல்ல. எங்க இளைஞர்கள்ல நல்ல ஆள் அவன்தான்" என்றார். பிறகு குழுவின் பக்கம் திரும்பினார். "அவன் ரெண்டு பேர் இடத்துல நின்னான். முதல் நாள் சாயந்திரம் வந்தவன் வீட்டுக்கே போகல. அந்த ஷிப்டைப் போட்டது நான். அவனோட நிக்க வேண்டியவங்களை வேலையை விட்டு அனுப்பினதும் நான். ஆள் போதாதுன்னு எனக்குத் தெரியும், கூட்டத்துல சொன்னேன், வேண்டாம்னாங்க, அதுக்கப்புறமும் போட்டேன். ஒரின்பசாரை வீட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வந்ததும் நான்தான். கூட்டிட்டு வரச் சொன்னது பொது இயக்குநர்."

"மேடம்" என்றார் வக்கீல்.

"பேசி முடிச்சுடுறேன்" என்றார் ரௌஷன்.

முடிக்க வெகுநேரம் ஆயிற்று. முதல் திட்டத்தில் என்ன இருந்தது, அதில் எதை வெட்டினார்கள், எதற்குத் தான் சம்மதித்தார், விருது எதற்குக் கொடுத்தார்கள் என்று வரிசையாகச் சொன்னார். குரல் ஒரு இடத்தில்தான் உடைந்தது, ஜெனிஸ் விடுப்பு கேட்டதைச் சொன்னபோது. அன்று தொலைபேசியில் கேட்டதை நானும் எழுந்து சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, உரக்கப் பேசச் சொன்னார்கள்.

அறிக்கையிலிருந்து ஜெனிஸின் தவறு என்ற வரியை எடுத்தார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. வேலை செய்ய உள்ளே விட்டாலே ஆள் ஊழியர்தான் என்று நீதிபதி சொன்னார். ஒரின்பசாருக்கு நிலையம் இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. மதியாரைச் சாட்சியாக மட்டும் விசாரித்தார்கள். ஷிப்டில் யாரை எங்கே நிறுத்துவது என்ற உத்தரவுகளில் இருந்தது ரௌஷனின் கையெழுத்து. மதியார் வாயால் மட்டும்தான் பேசியிருந்தார். அந்தக் கோடையில் அவரைத் தெற்கே வேறொரு நிலையத்துக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு என்று கேள்வி.

ரௌஷனுக்கு நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. நிர்வாகப் பொறுப்பில் இனி இருக்கக் கூடாது என்றும் தீர்ப்பில் இருந்தது. அவர் மேல்முறையீடு செய்யவில்லை. மகன் அஸ்தானாவிலிருந்து வந்து சண்டை போட்டான்.

"ஏம்மா இப்படி முட்டாள்தனம் பண்ணின? எல்லாரும் வாயை மூடிட்டு இருக்கறப்ப உனக்கு மட்டும் என்ன?"

"நானும் ரொம்ப நாள் மூடிட்டுத்தான் இருந்தேன்" என்றார் ரௌஷன். அதற்கு மேல் அவனுக்கு விளக்கம் சொல்லவில்லை.

தீர்ப்பன்று நீதிமன்றப் படியில் பிபிகுல் காத்திருந்தார். ரௌஷன் அவரைக் கண்டதும் நின்றுவிட்டார். இருவருக்கும் நடுவில் நான்கைந்து படிகள் இருந்தன. அழுவார், அல்லது அடிப்பார் என்று நினைத்து நான் ரௌஷனின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தப்புலேர்ந்து அவன் பேரை எடுத்துட்டாங்க இல்ல?" என்று கேட்டார் பிபிகுல்.

"எடுத்துட்டாங்க."

"எழுத்துல?"

"எழுத்துலயே எடுத்துட்டாங்க."

பிபிகுல் தலையசைத்தார். கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். நன்றி சொல்லவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. பேருந்து வந்து அவர் ஏறிப்போகும் வரை ரௌஷன் அந்தப் படியிலேயே நின்றார்.

இப்போது ரௌஷன் பெத்ரோபாவ்லில், அக்காள் வீட்டுப் பக்கம், ஒரு மாணவர் விடுதியில் மேற்பார்வை வேலை செய்கிறார். சாவி கொடுப்பது, போர்வை எண்ணுவது, சத்தம் போடும் பிள்ளைகளை அதட்டுவது. மார்ச் மாதம் நவ்ருஸ் புத்தாண்டு அன்று எனக்குத் தவறாமல் போன் செய்வார். பேரன் பிறந்திருக்கிறான், அவன் நடக்கிறான், பல் முளைத்திருக்கிறது என்று அவனைப் பற்றியே பேசுவார். நிலையத்தைப் பற்றி அவர் கேட்பதில்லை. இந்தக் குளிர்காலத்துக்கும் பாய்லர் கூடத்தில் ஆள் போதவில்லை என்பதை நானும் சொல்வதில்லை.